கருங்காட்டில் வாயை மூடக் கற்றுக்கொண்டது

தியானம் கற்றுக்கொள்ள ஜெர்மனிக்குப் போகிறேன் என்று சொன்னபோது என் மனைவி சிரிக்கக்கூட இல்லை. "திருவண்ணாமலை நாலு மணி நேரம்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டு, என் கம்பளிச் சட்டையைப் பெட்டிக்குள் வைத்தாள்.

கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போகிறவனைக் கேலி செய்வார்கள். என் விஷயத்தில் கொல்லனையே விமானத்தில் ஏற்றி, வெளியூரில் ஊசி வாங்கிவரச் சொல்லியிருந்தார்கள். நான் வேலை பார்ப்பது கார் கதவுகளுக்கு மென்பொருள் எழுதும் சென்னை அலுவலகத்தில். தலைமையகம் ஸ்டுட்கார்ட்டில். என் குழுவிலிருந்து ஒரே வருடத்தில் இரண்டு பேர் விலகினார்கள். இருவருமே போகும்போது ஒரே காரணத்தைச் சொன்னார்கள்: "மேனேஜர் நாங்கள் சொல்வதைக் கேட்பதில்லை." எச்.ஆர். பெண் இதை என்னிடம் சொல்லி முடிப்பதற்குள், "அதெல்லாம் இல்லைங்க, நான் எப்பவுமே" என்று ஆரம்பித்துவிட்டேன். அந்தப் பெண் புன்னகைத்தார். அடுத்த வாரம் பயிற்சிக்கான மின்னஞ்சல் வந்தது. தியானத்தின் மூலம் திறமையான மேலாளர் ஆவது எப்படி, தெற்கு ஜெர்மனியில் கருங்காடு என்ற மலைப்பகுதியில் ஒரு பழைய கன்னியர் மடம், நான்கு நாட்கள். அது முடிந்து திங்கட்கிழமை ஸ்டுட்கார்ட்டில் எங்கள் புதிய கதவு வடிவமைப்பை நான் விளக்க வேண்டும்.

அந்த வடிவமைப்பைச் செய்தவர் ரேவதி. எட்டு வருடங்களாக என் குழுவில் இருப்பவர். எங்கள் நிரலில் எந்த வரி எதற்காக இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள். நான் கிளம்புவதற்கு முந்தைய மூன்று வாரங்களாக என் மேஜையருகே வந்து, "சார், பத்து நிமிஷம் பேசணும்" என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் நான் போனில் இருந்தேன். ஆள்காட்டி விரலை உயர்த்தி, ஒரு நிமிடம் என்று காட்டுவேன். அந்த ஒரு நிமிடம் வரவே இல்லை.

செவ்வாய்க்கிழமை, மடத்துக்குப் போகும் ரயிலில் இருந்தபோது எங்கள் வைஸ் பிரசிடென்ட் அழைத்தார். "ரேவதி பேப்பர் போட்டாச்சு. தெரியுமா?" என்றார். எனக்குத் தெரியாது. "திங்கட்கிழமை எச்.ஆர். அக்செப்ட் பண்ணிடும். அதுக்குள்ள பேசி நிறுத்து. அவளும் போனா உன் டீமைப் புனேவோட சேர்க்கறதைத் தவிர எனக்கு வேற வழி இல்லை. அப்புறம் உனக்கு என்ன வேலைன்னு நானே யோசிக்கணும்."

நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒலிபெருக்கியில் ஏதோ அறிவிப்பு வந்தது. எதிரே உட்கார்ந்திருந்த வயதான மனிதர் எழுந்து, தன் பையை எடுத்துக்கொண்டு, என் டிக்கெட்டை எட்டிப் பார்த்தார். பிறகு ரயிலின் முன்பக்கத்தைக் கை காட்டி அவசரமாக எதையோ விளக்கினார். நான் விரலை உயர்த்தி, ஒரு நிமிடம் என்று காட்டினேன். அவர் தோளைக் குலுக்கிக்கொண்டு இறங்கிப் போனார்.

அந்த ஊர்ப்பக்கம் சில ரயில்கள் நடுவழியில் இரண்டாகப் பிரியும். முன்பாதி ஒரு ஊருக்கு, பின்பாதி வேறு ஊருக்கு. நான் இருந்தது பின்பாதி. போனை வைத்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தபோது, மடத்துக்குப் போக வேண்டிய முன்பாதி வேறொரு தண்டவாளத்தில் வளைந்து காட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. நம்மூரிலும் ரயிலில் பெட்டிகளைக் கழற்றி மாட்டுவார்கள். ஆனால் அதற்குள் பிளாட்பாரத்தில் பாதிப் பேர் இறங்கி டீ குடித்து, அந்தச் செய்தி ஊருக்கே தெரிந்திருக்கும்.

பெயர் வாயில் நுழையாத ஒரு சின்ன ஸ்டேஷனில் இறங்கி ஒன்றரை மணி நேரம் காத்திருந்தேன். அங்கே திறந்திருந்தது ஒரே ஒரு ரொட்டிக்கடை. கடைக்காரப் பெண்ணிடம் என் டிக்கெட்டைக் காட்டினேன். "பிரிந்துவிட்டதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஆமாம் என்றேன். "வாரத்துக்கு ஒருவராவது வருவார்கள்" என்று சொல்லி, உப்புக்கல் தூவிய முறுக்கு ரொட்டி ஒன்றைத் தந்தார். முறுக்கு மாதிரி பின்னியிருந்ததே தவிர, நம் முறுக்கின் மரியாதை அதற்கு இல்லை. ஆனாலும் பசிக்கு ருசியாக இருந்தது.

மடத்தில் மொத்தம் பன்னிரண்டு பேர். வாசலிலேயே போன்களை ஒரு மரப்பெட்டியில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். மதிய உணவுக்குப் பின் ஒரு மணி நேரம் மட்டும் திருப்பித் தருவார்கள். ரேவதிக்கு, "வெள்ளிக்கிழமை உங்கள் நேரம் ஐந்து மணிக்குப் பேசலாமா? எவ்வளவு நேரம் வேண்டுமானாலும்" என்று செய்தி அனுப்பிவிட்டுப் போனைக் கொடுத்தேன். மறுநாள் பெட்டி திறந்தபோது, "ஓகே சார்" என்று பதில் இருந்தது.

பயிற்சியாளர் உர்சுலா, ஐம்பது வயதிருக்கும், குட்டை முடி, கம்பளிக் காலுறை. புதன்கிழமை காலை எல்லோரும் தரையில் வட்டமாக உட்கார்ந்தோம். எல்லாக் கண்களும் என் மேல் இருந்தன. இந்தியாவிலிருந்து வந்தவன், பத்மாசனத்தில் அப்படியே மிதப்பான் என்று நினைத்திருப்பார்கள் போல. எனக்கு வலது முழங்காலில் தேய்மானம். "ஒரு நாற்காலி கிடைக்குமா?" என்று கேட்டேன். திருகாணித் தொழிற்சாலை நடத்தும் டீட்டர் என்ற அறுபது வயதுக்காரர், இரண்டு பாதங்களையும் தொடைமேல் ஏற்றிச் சிலைபோல் அமர்ந்தபடி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். அந்த அறையில் ஆசியாவின் மானம் கொஞ்சம் போனது.

முதல் பயிற்சி, ஒரே ஒரு உலர்ந்த திராட்சையைப் பத்து நிமிடம் சாப்பிடுவது. உள்ளங்கையில் வைத்துப் பார்க்க வேண்டும், முகர வேண்டும், காதருகே வைத்து உருட்டிக் கேட்க வேண்டும், கடைசியில்தான் வாயில் போட வேண்டும். கொடுத்த உடனே நான் வாயில் போட்டு விழுங்கிவிட்டேன். சர்க்கரைப் பொங்கலில் திராட்சை கண்ணில் பட்டால் வேறு என்ன செய்வது? உர்சுலா இன்னொன்று கொடுத்தார். எனக்குப் பக்கத்திலிருந்து அடக்கிய சிரிப்புச் சத்தம் வந்தது.

சிரித்தவர் தர்ஷிகா. வுப்பர்டாலில் ஒரு மருத்துவமனையில் ஒரு வார்டின் தலைமைத் தாதி. முப்பத்துநாலு வயது. பெற்றோர் யாழ்ப்பாணத்திலிருந்து அகதிகளாக வந்தவர்கள், இவர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். இடைவேளையில் தானாக வந்து பேசினார்.

"நீங்கள் இந்தியாவோ அண்ணை? என்ர தமிழ் உங்களுக்கு விளங்குதோ?"

விளங்குகிறது என்றேன். ரயில் பிரிந்த கதையைச் சொன்னேன்.

"எங்கட வுப்பர்டாலில ரெயின் ஆத்துக்கு மேல தண்டவாளத்தில தொங்கிக்கொண்டு போகும். ஆனா ரெண்டாப் பிரியாது" என்றார் பெருமையாக.

அவரையும் அனுப்பித்தான் வைத்திருந்தார்கள். வார்டில் ஆட்கள் நிற்பதில்லை. "விடிய அஞ்சு மணிக்கு டெலிபோன் வரும். நான் கிராங்க், வர ஏலாது எண்டு. உடன நான் டீன்ஸ்ட்பிளான், யாருக்கு எப்ப வேலை எண்டு எழுதின பேப்பரை எடுத்து அழிச்சு அழிச்சு எழுதுறன். வேற யாரும் இல்லாட்டி நானே போறன். இப்ப எனக்கே கிராங்க் எண்டு சொல்ல ஆசையா இருக்கு" என்றார். கிராங்க், அதாவது சுகமில்லை என்று சொன்னால் இங்கே யாரும் மறுபேச்சுப் பேசுவதில்லை என்பது எனக்குப் புதிதாக இருந்தது. எங்கள் அலுவலகத்தில் காய்ச்சல் என்றால், எத்தனை டிகிரி என்று கேட்பேன். இதை அவரிடம் சொல்லவில்லை.

சாப்பாட்டு வேளைகளில் பேசக் கூடாது. பன்னிரண்டு பேர் மெல்லும் சத்தத்தை முதல்முறையாகக் கேட்டேன். மதியம் வினிகர் ஊற்றிய பயறும், ஸ்பெட்ஸ்லே என்ற குட்டை குட்டையான மாவு இழைகளும். பருப்பு என்று நம்பி ஒரு கவளம் எடுத்தேன், புளிப்பு உச்சியில் ஏறியது. இரவு வெறும் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வெள்ளரிக்காயும். அடுப்பே பற்றவைக்காத சாப்பாட்டை இரவு உணவு என்று சொல்ல அசாத்தியத் துணிச்சல் வேண்டும். தர்ஷிகா மேஜைக்கு அடியில் ஒரு சிறு போத்தலை என் பக்கம் நகர்த்தினார். அவர் அம்மா காய்ந்த மிளகாயை இடித்துக் கொடுத்த சம்பல். ரொட்டியில் தடவிச் சாப்பிட்டேன். கண்ணில் நீர் வந்தது. எதிரே இருந்த டீட்டர், தியானம் எனக்குள் வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்று நினைத்து மெல்லத் தலையசைத்தார்.

வியாழக்கிழமைதான் முக்கியமான பயிற்சி. இரண்டிரண்டு பேராக எதிரெதிரே உட்கார வேண்டும். ஒருவர் ஐந்து நிமிடம் பேசுவார். மற்றவர் கேட்க மட்டும் வேண்டும். 'ம்' கொட்டக் கூடாது, தலையாட்டக் கூடாது, ஆறுதல் சொல்லக் கூடாது. அவர் முடித்த பிறகும் பத்து மூச்சு எண்ணும்வரை காத்திருக்க வேண்டும். "மிக உண்மையான வாக்கியம் அந்த இடைவெளியில்தான் வரும்" என்றார் உர்சுலா. அவரவர் மொழியில் பேசலாம் என்றதால் என்னையும் தர்ஷிகாவையும் சேர்த்து உட்கார வைத்தார்.

தர்ஷிகா தன் வார்டைப் பற்றிப் பேசினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் சொன்ன ஒவ்வொரு பிரச்சினைக்கும் என்னிடம் இரண்டு தீர்வுகள் தயாராக இருந்தன. இரண்டாவது நிமிடத்திலேயே அவர் பேச்சு தடுமாறியது.

"அண்ணை, நான் ஏதும் பிழையாச் சொல்லிப்போட்டனோ?"

நான் பதில் சொல்லக் கூடாது. கல் மாதிரி இருந்தேன். அவர் எப்படியோ பேசி முடித்தார். மணி அடித்ததும் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"இந்த டொச்சு ஆக்கள், ஜெர்மன்காரர், சும்மா இருந்தா சும்மாதான் இருக்கினம். எங்கட ஆக்கள் சும்மா இருந்தா எனக்கு வயித்தைக் கலக்குது அண்ணை. அப்பாவுக்குக் கோவம் வந்தா ஏச மாட்டார். கதைக்காம இருப்பார். மூண்டு நாளைக்கும் கதைக்காம இருப்பார். நாங்களாப் போய் மன்னிப்புக் கேப்பம், என்ன பிழை எண்டே தெரியாம."

நான் சிரித்தேன். சிரித்துவிட்டு மறந்தும் போனேன். வாழ்நாளில் முதல்முறையாக ஐந்து நிமிடம் குறுக்கே பேசாமல் இருந்திருக்கிறேன் என்ற பெருமை எனக்கு. உர்சுலா வேறு பாராட்டிவிட்டார். ரேவதியிடம் பயன்படுத்த எனக்கு ஒரு கருவி கிடைத்துவிட்டது என்று அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

வெள்ளிக்கிழமை மதியம் ஒன்றரைக்குப் போனை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். அந்த மடத்தில் சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் பின்கட்டில், குப்பைத் தொட்டிகளுக்கு நடுவே. மஞ்சள், நீலம், பழுப்பு, கறுப்பு என்று நான்கு தொட்டிகள். எதில் எதைப் போடுவது என்பதற்கு மூடியில் படம் போட்ட விளக்கம். நான் பழுப்புக்கும் நீலத்துக்கும் நடுவே நின்று ரேவதியை அழைத்தேன்.

"சொல்லுங்க ரேவதி. நான் கேக்கறேன்."

அவர் முதலில் தயங்கினார். அப்புறம் கொட்டிவிட்டார்.

"மூணு வாரமா பத்து நிமிஷம் கேட்டேன் சார். ஒவ்வொரு தடவையும் விரலைக் காட்டினீங்க. சம்பளத்தைப் பத்திப் பேச வர்றேன்னு நெனச்சிருப்பீங்க."

அப்படித்தான் நினைத்திருந்தேன்.

"ஸ்டுட்கார்ட் மீட்டிங்ல என் டிசைனை நானே எக்ஸ்ப்ளைன் பண்ணலாமான்னு கேக்கத்தான் வந்தேன். நேர்ல வேணாம், வீடியோல போதும்னு சொல்ல வந்தேன். எட்டு வருஷமா கான்ஃபரன்ஸ் கால்ல நான் ஒரு சென்டென்ஸ் ஆரம்பிக்கறேன், நீங்க முடிக்கறீங்க. முடிக்கறவங்க பேர்தான் அவங்களுக்கு ஞாபகம் இருக்கு. போன மாசம் அங்கேருந்து ஒருத்தர் எனக்கு மெயில் போட்டார். 'டியர் மிஸ்டர் ரேவதி'ன்னு. நான் ஆம்பளையா பொம்பளையான்னே அவங்களுக்குத் தெரியல சார்."

என் வாய்க்குள் மூன்று பதில்கள் முட்டிக்கொண்டு நின்றன. எதையும் விடவில்லை. அவர் முடித்ததும், கற்றுக்கொடுத்தபடி மூச்சை எண்ண ஆரம்பித்தேன். ஒன்று. இரண்டு. மூன்று.

"சார்? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்" என்றேன். மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினேன். என்னைப் பற்றி எனக்கே நல்ல அபிப்பிராயம் தோன்றிக்கொண்டிருந்தது.

ரேவதியின் குரல் இறங்கியது. "சாரி சார். கொஞ்சம் ஓவராப் பேசிட்டேன்னு நெனக்கறேன். வீட்லயும் டென்ஷன், அதான்..."

ஐந்து. ஆறு.

"நீங்க இவ்ளோ கோபப்பட்டு நான் பார்த்ததில்ல சார். திட்டியாவது இருக்கலாம் நீங்க." அவர் குரல் நடுங்கியது. "நான் வேணும்னா பேப்பரை வாபஸ் வாங்கிக்கறேன். இப்பவே எச்.ஆருக்கு மெயில் போட்டுடறேன். தப்பா எடுத்துக்காதீங்க."

எண்ணுவது நின்றுபோனது.

எங்கள் அலுவலகத்தில் மேனேஜர் வாயைத் திறக்கவில்லை என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். எனக்கு மேலே இருப்பவர் ஒரு வாரம் பேசாமல் இருந்தபோது நானே மூன்று இரவுகள் தூங்காமல் கிடந்திருக்கிறேன். அதை மறந்துவிட்டு, கேட்பதாக நினைத்துக்கொண்டு, ஒரு பெண்ணை நாலாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து மிரட்டிக்கொண்டிருந்தேன். தர்ஷிகா முந்தைய நாள்தான் என் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார்.

இதில் மோசமான விஷயம், மிரட்டல் பலித்துவிட்டது. 'சரி' என்று ஒரு சொல் சொன்னால் போதும். ரேவதி இருப்பார். குழு இருக்கும். என் நாற்காலி இருக்கும். பயிற்சிக்குச் செலவழித்த நிறுவனமும் மகிழ்ந்துபோகும். அந்தச் 'சரி' என் நாக்கில் வந்து உட்கார்ந்தது. உண்மையைச் சொல்கிறேன், உடனே அதை விழுங்கிவிடவில்லை. அந்தச் சில நொடிகளுக்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

"ரேவதி, எனக்குக் கோபம் இல்ல" என்றேன். "நீங்க சொன்னது எல்லாமே சரி. முடிக்கறவரைக்கும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு இங்க சொல்லிக் குடுத்தாங்க. அதைத்தான் பண்ணிட்டிருந்தேன்."

"ட்ரெயினிங்கா சார் இது?"

"ஆமா."

அந்தப் பக்கம் ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை.

"பயந்துக்கிட்டு வாபஸ் வாங்காதீங்க" என்றேன். "எனக்குக் கோபம் இல்லன்னு தெரிஞ்சதுக்கு அப்புறம் உங்களுக்கு என்ன தோணுதோ, அதைச் சொல்லுங்க."

இப்போது அவர் பேசவில்லை. வயிற்றைக் கலக்குவது என்றால் என்ன என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. சமையல்காரர் வந்து பழுப்புத் தொட்டியில் உருளைக்கிழங்குத் தோலைக் கொட்டிவிட்டு, எனக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்.

"அப்ப நான் போறேன் சார்" என்றார் ரேவதி. குரலில் நடுக்கம் இல்லை.

"சரி" என்றேன். "திங்கட்கிழமை நீங்களே பேசுங்க. நான் லிங்க் அனுப்பறேன்."

மாலை நடையின்போது தர்ஷிகாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் பாதையில் நின்றுவிட்டார்.

"நிக்கிறன் எண்டு சொன்ன ஆளை நீங்களே போக விட்டனீங்களோ?"

"ஆமாம்."

"உங்கட பெரியவருக்கு என்ன சொல்லப் போறியள்?"

"நிறுத்த முடியவில்லை என்று."

கொஞ்ச தூரம் ஒன்றும் பேசாமல் நடந்தார். பிறகு, "அண்ணை, கோவிக்காதேங்கோ, நான் சும்மாதான் கதைக்காம வாறன்" என்றார். இருவரும் சிரித்தோம். பிரியும்போது மிச்சமிருந்த சம்பல் போத்தலை என்னிடமே கொடுத்துவிட்டார்.

வைஸ் பிரசிடென்டிடம் ஒரே வரியில் செய்தியைச் சொன்னேன். "நாலு நாள் தியானம் பண்ணி இதுதானா?" என்று பதில் வந்தது.

ஸ்டுட்கார்ட் போகும்போது ரயிலில் ஏறுவதற்கு முன் மூன்று பேரிடம் கேட்டு, சரியான பாதியில் உட்கார்ந்தேன். திங்கட்கிழமை ரேவதி திரையில் தோன்றி நாற்பது நிமிடம் பேசினார். நடுவில் ஒருவர் ஒரு கேள்வி கேட்டுவிட்டு, பழக்கதோஷத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார். என் வாய் திறந்துகொண்டது. மேஜைக்கு அடியில் என் ஆள்காட்டி விரலை மறு கையால் பிடித்துக்கொண்டேன். ரேவதி ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தார். அவரே அதை முடித்தார். துறைத் தலைவர் அவருடைய பெயரை எழுத்துக்கூட்டச் சொல்லி எழுதிக்கொண்டார். இந்த ஆளை இழக்கப்போகிறேன் என்பது அந்த அறையில்தான் முழுதாக உறைத்தது.

இரண்டு மாதம் கழித்து ரேவதி போனார். குழுவைப் புனேவோடு சேர்த்துவிட்டார்கள். எனக்கு அறை போய் ஓர் ஓரத்து மேஜை கிடைத்திருக்கிறது. யார் வந்து பேசினாலும், "கோபம் இல்ல, கேட்டுட்டிருக்கேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிதாக வந்த பையன்கள் என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறார்கள்.

போன வாரம் ஜெர்மனியிலிருந்து ஒரு படிவம் வந்தது. பயிற்சியின் பலனை அளக்கிறார்களாம். பயிற்சிக்குப் பின் உங்கள் குழுவிலிருந்து எத்தனை பேர் விலகினார்கள்? ஒருவர். அதைத் தடுத்திருக்க முடியுமா? முடியும். ஏன் தடுக்கவில்லை, சுருக்கமாக விளக்கவும் என்று சொல்லி இரண்டு வரி இடம் விட்டிருந்தார்கள். எனக்கு ஒரு வரியே போதுமாக இருந்தது. 'கோபமில்லை என்று அவரிடம் சொல்லிவிட்டேன்' என்று எழுதி அனுப்பினேன்.